மிக அருகிலுள்ள பரீட்சை நிலையம்

மண்டபம் முகாம்,
2022 ஓகஸ்ட் 4

அன்புள்ள ரஜி,

போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர். கடைசித் தரம் பின்னால் கீர்த்திகா "ஆரம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் வைத்துவிட்டீர். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட உம்மால் முடியாது. மருந்துப் போத்தலைச் சுற்றி வருகிற தாளையே கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற ஆள் நீர்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நான் உங்களை விட்டு ஓடி வரவில்லை. அகதியாகவும் வரவில்லை. பரீட்சை எழுதத்தான் வந்தேன். இதை இங்கே ஒரு சனமும் நம்பவில்லை. நீராவது நம்பும்.

நடந்தது உமக்கும் பாதி தெரியும். கரண்டும் டீசலும் இல்லாமல் சனூன் நானா ஐஸ் தொழிற்சாலையைப் பூட்டினார், என் வேலையும் போனது. டோஹாவில் குளிர் அறை வைத்திருக்கும் அவருடைய மச்சான் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார். ஆனால் குளிரூட்டல் தொழில்நுட்பவியலாளர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அதுவும் ஜூலை முடிவதற்குள் என்றார். அன்றைக்குக் குசினியில் நின்று உம்முடைய போனில் அந்தப் பரீட்சை தேடும் தளத்தைத் திறந்தோமே, ஞாபகமா? என்ன தொழில் என்று கேட்டது, எழுதினீர். எந்த ஊர் என்று கேட்டது, மன்னார் என்று எழுதினீர். கிட்ட இருக்கிற நிலையம் முதலிலும் தூர இருக்கிறது கடைசியிலுமாக ஒரு வரிசை வந்தது. முதல் பெயர் இராமநாதபுரம். கொழும்பு எங்கேயோ அடியில் கிடந்தது, அதற்குப் பக்கத்தில் டிசெம்பர் வரை இடமில்லை என்று போட்டிருந்தது. "உதுக்குக் கடல் தெரியாது போல. படத்தில அடிமட்டம் வைச்சு நேர்கோட்டில அளந்திருக்கு" என்று நீர் சிரித்தீர். நானும் சிரித்தேன்.

பிறகு படுத்திருந்து யோசித்தேன். அடிமட்டம் வைத்து அளந்தால் என்ன பிழை? தொண்ணூறில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடந்த கடல்தானே. நான் அ, ஆ எழுதப் பழகியதே இந்த முகாமில். கொழும்புக்குப் போக பஸ் இல்லை. கடவுச்சீட்டு எடுக்கப் போன சனம் வரிசையில் பாய் விரித்துப் படுத்த நேரம். பேசாலைப் பக்கத்தில் ஒரு படகுக்காரர், "ஒரு கிழமையில திருப்பிக் கொண்டு வந்து விடுறன் தம்பி" என்றார். இராமநாதபுரத்தை அழுத்தி இடம் பிடித்தேன். உம்மிடம் கொழும்பில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, சனூன் நானாவின் லொறியில் போகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்.

படகில் இரண்டு குடும்பங்களும் நானும். விடியும்போது "இறங்குங்கோ, இதுதான் இந்தியா" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். இறங்கிப் பார்த்தால் மணல்திட்டு. நாலு பக்கமும் தண்ணீர், ஒரு புல்கூட இல்லை. சின்னப் பிள்ளைகள் வெயிலில் கத்தினார்கள். பின்னேரம்தான் இந்தியக் கடற்படை வந்தது. ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் பால்மா இல்லை, அரிசி இல்லை என்றார்கள். என் முறை வந்தது. பொலித்தீன் பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டி, "ஐயா, நான் சோதினை எழுத வந்தனான்" என்றேன். அந்த அதிகாரி மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு அகதி என்று எழுதிக்கொண்டார்கள்.

விசாரணை முடிந்து முகாமுக்கு வந்தபோது பரீட்சை நாள் போய்விட்டது. இன்னொரு நாள் எடுத்து எழுதிவிட்டு வருகிறேன். கோபம் ஆறினால் போனை எடும். பிள்ளைக்கு முத்தம்.

உமது
றொட்னி


தோட்டவெளி,
2022 செப்டெம்பர் 11

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். கிழிக்கவில்லை.

நீங்கள் சொன்னதை நம்புகிறேன். நம்புவதுதான் எனக்குக் கஷ்டம். பசியால் போனார் என்றால் ஊருக்குச் சொல்லலாம். பசியால் போனவர்கள் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் தனியாகப் போனீர்கள்.

கரண்ட் வந்த ஒரு மணித்தியாலத்தில் உங்கள் நீலக்கோடு போட்ட சட்டையை அயன்பெட்டியால் மினுக்கித் தந்தேன். கொழும்பில் பரீட்சை மண்டபத்துக்குப் போட்டுப் போவதற்கு என்று. இரண்டு நாள் கழித்துப் போனில் செய்திப் படம் ஒன்று வந்தது. மணல்திட்டில் கொஞ்சச் சனம் குந்தியிருந்தார்கள். ஒருவர் வெயிலுக்குத் துவாயால் தலையையும் முகத்தையும் மூடியிருந்தார். சட்டையைப் பார்த்தேன். கையில் நான் மினுக்கிய மடிப்புக்கூட இருந்தது. அப்படித்தான் என் புருசன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது.

உங்கள் அம்மா நெஞ்சில் அடித்து அழுதார். பக்கத்து வீட்டாரெல்லாம் வந்து நான் எப்போது அழுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் மீன் வெட்டினேன். அன்றைக்கு மத்தியானத்துக்கு வெட்ட வேண்டிய மீன் இருந்தது.

அந்தத் தளத்தில் தேடியது நான். வாசித்ததும் நான். அழுத்தியது நீங்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது.

புது நாள் வந்தால் அறிவிக்கச் சொல்லி அந்தத் தளத்தில் ஒரு மணி அடையாளத்தை அழுத்தி, என் ஈமெயிலைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு வருகிறது. உங்களுக்கு மிக அருகிலுள்ள பரீட்சை நிலையம் இராமநாதபுரம் என்று. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வரும். வாசித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இனிப் போன் எடுக்க வேண்டாம். போனில் உங்கள் குரல் எதற்கும் சிரிப்பது போலவே கேட்கும். எனக்கு அது இப்போது ஏலாது. சொல்ல வேண்டியதை எழுதுங்கள். பிள்ளையிடம் அப்பா சோதினை எழுதப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லைத்தானே.

ரஜிதா


மண்டபம் முகாம்,
2022 நவம்பர் 20

அன்புள்ள ரஜி,

உம்முடைய கடிதம் கொழும்பு, சென்னை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. கடற்கரையில் நின்றால் தலைமன்னார் எந்தப் பக்கம் என்று கைநீட்டிக் காட்டலாம். கடிதத்துக்கு அந்த வழி தெரியவில்லை.

சரி, போன் எடுக்கவில்லை. எழுதுகிறேன்.

புதிதாக எடுத்த பரீட்சை நாளுக்கு, போன கிழமை முகாமில் வெளியே போக அனுமதி எடுத்து இராமநாதபுரம் போனேன். நீலக்கோட்டுச் சட்டையைத்தான் போட்டேன். புடைவைக் கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த நிலையம். கண்ணாடிக் கதவு, வரிசையாகக் கொம்பியூட்டர்கள், நல்ல குளிர். மேசையில் இருந்த பெண்பிள்ளை என் பெயரைப் பார்த்து, ஓம், பதிவு இருக்கிறது என்றது. எனக்குப் பாதிப் பரீட்சை எழுதி முடித்தது மாதிரி இருந்தது. பிறகு, "பாஸ்போர்ட் குடுங்க சார்" என்றது.

அடையாள அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது. முகாமில் தந்த அகதிப் பதிவுத் துண்டைக் கொடுத்தேன். அதையும் திருப்பித் தந்தது. வெளிநாட்டு ஆள் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டுமாம், ஏசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னது. தண்ணீரும் கொடுத்தது. நான் உடனே எழும்பவில்லை ரஜி. அந்தக் குளிர் ஐஸ் தொழிற்சாலைக் குளிர் மாதிரி இருந்தது. ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்துவிட்டு வந்தேன்.

அந்தத் தளத்தில் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னோம். தொழில் கேட்டது, மொழி கேட்டது, எவ்வளவு தூரம் என்று கேட்டது. எந்த நாட்டு ஆள் என்று மட்டும் அது கேட்கவே இல்லை.

திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அனுப்பி வைக்க ஒழுங்கு செய்வார்களாம். பக்கத்து அறையில் ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் இன்னும் கொடுக்கவில்லை. அந்தச் சான்றிதழுக்கு வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெறுங்கையோடு வந்து இறங்கினால், சோதினை எழுதக் கடல் தாண்டியவன் என்று என்னைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். நீரும் சிரிப்பீர். நீர் சிரித்தால்கூடப் பரவாயில்லை, நீர் சிரிக்கவும் மாட்டீர் என்றுதான் பயமாக இருக்கிறது.

உமது
றொட்னி


தோட்டவெளி,
2023 பெப்ரவரி 5

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

டோஹா வேலைக்கு எங்கள் பக்கத்துத் தாராபுரம் ரிஸ்கான் போய்விட்டார். சனூன் நானா வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சொன்னார். கவலைப்பட்டார். இருங்கோ என்று கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

ஐஸ் தொழிற்சாலை திரும்ப ஓடுகிறது. "அவர் வந்தா அவற்ற இடம் அப்பிடியே இருக்கு தங்கச்சி. எனக்கு ஒரு சேட்டிபிக்கட்டும் வேணாம்" என்றார். வாருங்கள் என்று நான் எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

நான் நண்டுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். அவித்த நண்டை உடைத்துத் தசையைப் பிரித்து எடுப்பது. ஓடு ஒரு துண்டுகூட அதில் கலக்கக் கூடாது. தட்டுக்குக் கீழே ஐஸ் கொட்டியிருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் விரல் இருப்பது தெரியாது. ஓடு குத்தி இரத்தம் வந்தால் பக்கத்தில் இருக்கிற பூமணிதான் சொல்லுவாள், "அக்கா, கையப் பாருங்க" என்று. பார்த்துத் துடைத்துவிட்டு பிளாஸ்டர் ஒட்டி மேலே கையுறை போடுவேன். அவள் பாப்பாமோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வந்த ஆட்கள். என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

வேலைக்கு அந்தக் குளிர் நல்லது. விரலோடு சேர்ந்து மற்றதும் விறைத்துவிடுகிறது.

முன்பள்ளியில் ஆசிரியை அப்பா என்ன வேலை என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். கீர்த்திகா எழும்பி, "அப்பா சோதினை எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றாளாம். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரஜிதா


மண்டபம் முகாம்,
2023 மே 14

அன்புள்ள ரஜி,

சனூன் நானாவுக்கு என் சலாம் சொல்லும். நல்ல மனிசன். ஆனால் யோசித்துப் பாரும். வீட்டுக்கும் சொல்லாமல், கடல் கடந்து, பொலிசு, விசாரணை, முகாம் எல்லாம் பார்த்துவிட்டு, அதே ஐஸ் தொட்டிக்கு முன்னால் கட்டி இழுக்கிற அதே கொழுக்கியோடு வந்து நிற்கவா? அதற்கு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாமே. இருந்திருக்கலாம் என்று நீர் சொல்லுவது கேட்கிறது.

இன்னொரு யோசனை. கோபப்படாமல் வாசியும்.

நீரும் பிள்ளையும் இங்கே வந்தால் என்ன? குடும்பமாக இருந்தால் தனி அறை தருவார்கள். கீர்த்திகாவுக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில். நான் வெளியே பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போகிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உமக்கும் விரல் விறைக்கிற வேலை வேண்டாம். போன மாதமும் ஒரு படகு வந்தது. இந்தப் படகுக்காரர் நல்லவராம், திட்டில் விடாமல் கரைக்கே கொண்டு வந்து விடுவாராம். கடல் அடங்கியிருக்கிற மாதம் பார்த்துச் சொல்கிறேன்.

இங்கே பின்னேரத்தில் எல்லோரும் கடற்கரையில் போய் இருப்பார்கள். எல்லோருக்கும் முகம் அந்தப் பக்கம்தான். நானும் போய் இருப்பேன். பிள்ளை என்னை மறந்துவிடும் ரஜி. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. நீர் பிள்ளையோடு வந்துவிடும்.

உமது
றொட்னி


தோட்டவெளி,
2023 ஜூலை 2

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

வரமாட்டேன்.

என் பிள்ளையை மணல்திட்டில் இறக்க மாட்டேன். நல்ல படகுக்காரர் என்றாலும் இறக்க மாட்டேன். போன முறையும் நல்ல படகுக்காரர் என்றுதான் ஏறியிருப்பீர்கள்.

பிள்ளை மறக்கவில்லை. செபம் சொல்லும்போது அப்பா சோதினையில் சித்தியடைய வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். நான் பக்கத்தில் முழந்தாளில் இருப்பேன். ஆமென் சொல்லுவேன். எனக்குள் ஒன்றும் ஓடாது.

உங்களைச் சான்றிதழோடு வரச் சொல்லி இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கதையை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ரஜிதா


மண்டபம் முகாம்,
2024 ஏப்ரல் 7

அன்புள்ள ரஜி,

கிறிஸ்மசுக்கு ஒரு கடிதம் போட்டேன். கீர்த்திகாவின் பிறந்தநாளுக்கு ஒன்று. பதில் இல்லை. கிடைத்திருக்கும், வாசித்துமிருப்பீர். பரவாயில்லை. இதற்கும் பதில் வேண்டாம்.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பிறத்தியாரின் வீட்டுச் சுவர்களுக்கு நிறம் அடிக்கிறேன். ஒரு வீட்டில் சுவருக்கு ரோசா நிறம் வேண்டும் என்று பெண்பிள்ளை அடம்பிடித்தது. கீர்த்திகாவின் வயதுதான் இருக்கும். அடித்துக் கொடுத்தேன். என்ன பெயர் என்று கேட்க நினைத்துக் கேட்காமலே வந்துவிட்டேன்.

குளிரூட்டல் புத்தகத்தைத் திறந்து மாதக் கணக்காகிவிட்டது. மேலே பெயின்ற் சிந்தி அட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பெல்லாம் சான்றிதழ் எடுத்துவிட்டு வருவேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்வேன். இப்போது அதையும் சொல்வதில்லை. அந்தப் பக்கத்து அறைக் குடும்பம் போன மாதம் ஊருக்குப் போய்விட்டது. போகும்போது அவர்களுடைய சட்டிகளை எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள். எனக்கு எதற்கு மூன்று சட்டி?

அம்மாவுக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். ஈரச் சீலையோடு நிற்க விடாதீர்.

முன்பு உமக்கு எழுதும்போது எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று தேடுவேன். இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் எழுதுகிற கடிதம் உம்முடைய கடிதம் மாதிரி ஆகிவிட்டது.

றொட்னி


தோட்டவெளி,
2025 ஜனவரி 19

கீர்த்திகாவின் அப்பாவுக்கு,

மூன்று கடிதமும் கிடைத்தன. அம்மாவின் இருமல் மாறிவிட்டது. இப்போது எழுதுவது ஒரு விசயம் சொல்லத்தான்.

நண்டு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள ஒருவர் தொழிற்சாலைக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போகிறோம் என்றார் முகாமையாளர். பூமணி எல்லோருக்கும் முன்னால், "எதுக்கு சார் வெளிய? ரஜிதாக்கா எழுதுவாங்க" என்றாள். நான் தலை நிமிரவில்லை. எனக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. சரி என்றேன்.

அந்தத் தளத்தைத் திறந்தேன். இவ்வளவு காலத்தில் எனக்காக அதை ஒருநாளும் திறந்ததில்லை. தொழில் எழுதினேன். ஊர் மன்னார் என்று எழுதினேன். முதல் வரியில் இராமநாதபுரம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மன்னார் என்று வந்தது.

பிழை என்று நினைத்து அழித்து மறுபடி எழுதினேன். மறுபடி மன்னார்தான். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், வங்கிக்கு மேல் மாடியில் ஒரு நிலையம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். இராமநாதபுரம் இரண்டாவது. வெள்ளிக்கிழமை ஈமெயிலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். நண்டு ஓடு குத்தினால்கூட நோகாத எனக்கு நெஞ்சு எரிந்தது. உங்கள் மேலா, அந்தத் தளத்தின் மேலா, இந்த ஊரின் மேலா என்று தெரியவில்லை. முன்பே ஒரு வீட்டு மாடியில் நாலு கொம்பியூட்டர் வைத்திருந்தால் என்ன? முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனேன்.

டிசெம்பரில் எழுதினேன். அடையாள அட்டை மட்டும்தான் கேட்டார்கள். சித்தியடைந்துவிட்டேன். கம்பெனியில் கேக் வெட்டினார்கள், பூமணி அழுதாள். நான் வீட்டுக்கு வந்து மீன் வெட்டினேன்.

இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டு மேசை மேசையாகப் போய்ப் பார்க்கிறேன். ஐஸில் கை வைக்கிற வேலை இல்லை. சில நேரம் விரல் நோகிறது. வைத்தியர் உணர்வு திரும்பி வருகிறது, நோகத்தான் செய்யும் என்றார்.

உங்கள் பரீட்சையும் அந்த நிலையத்தில் நடக்கிறது. பட்டியலில் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் நாளைக்குச் சொல்லவில்லை என்பீர்கள், அதனால் சொல்கிறேன். நீங்கள் போட்டு வைத்த அந்த மணி அடையாளத்தை அழித்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒன்றும் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ரஜிதா


மண்டபம் முகாம்,
2025 மார்ச் 23

அன்புள்ள ரஜி,

உம்முடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் வாசலில் போன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாரும் என்று கேட்டு அந்தத் தளத்தைத் திறந்தேன். தொழில், குளிரூட்டல். ஊர் என்று கேட்டது. வழமையாக மன்னார் என்றுதான் எழுதுவோம். விரல் அதற்குத்தான் போனது. பிறகு நான் இருப்பது அங்கே இல்லையே என்று நினைத்து மண்டபம் என்று எழுதினேன்.

முதலாவது இராமநாதபுரம். இரண்டாவது மன்னார்.

எத்தனையோ தரம் அந்தத் தளத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. இங்கே எனக்குப் பரீட்சை எழுத முடிகிற மிக அருகிலுள்ள இடம் என் சொந்த ஊர். மற்றதெல்லாம் பாஸ்போர்ட் கேட்கிற இடங்கள். கடைத் தம்பி, "அண்ணே, கரண்ட் போகப் போவுது, சீக்கிரம்" என்றான். மன்னாரை அழுத்தினேன். ஜூன் 23, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. இந்த முறையும் அழுத்தியது நான்தான், எழுதி வைத்துக்கொள்ளும்.

அங்கிருந்து நேரே முகாம் கந்தோருக்குப் போய்த் திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். ஊரில் பரீட்சை இருக்கிறது என்றேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஜூன் முதல் கிழமையில் அனுப்பலாம் என்று சொல்கிறார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விசாரிப்பார்கள். களவாகப் படகேறியதற்கு வழக்கும் வரலாம். வரட்டும்.

நீர் சித்தியடைந்ததை இங்கே எல்லோருக்கும் சொன்னேன். பெயின்ற் அடிக்கப் போன வீட்டிலும் சொன்னேன். அவர்களுக்கு நீர் ஆரென்றே தெரியாது, ஆனாலும் வாழ்த்துச் சொன்னார்கள்.

சான்றிதழ் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவன் இப்போது அதை எடுக்க வருகிறேன். ஃபெயிலாகவும் கூடும், எல்லாம் மறந்துபோய்விட்டது. ஐஸ் தொழிற்சாலைக்குத்தான் திரும்பப் போவேன். உம்முடைய வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறேன். என்னுடைய வீடு என்று எழுதக் கை வரவில்லை. வேண்டாம் என்றால் அம்மாவோடு இருந்துகொள்கிறேன். ஆனால் உம்மையும் பிள்ளையையும் தினமும் பார்க்க விடும். மூன்று வருசமாக எனக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான். சான்றிதழ் என்று சொல்லி அதை மூடி வைத்திருந்தேன்.

உமது
றொட்னி


தோட்டவெளி,
2025 மே 4

கீர்த்தி அப்பா,

கடிதம் கிடைத்தது. முடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

உங்கள் சட்டைகளைத் தோய்த்து வெயிலில் போட்டிருக்கிறேன். நீலக்கோட்டுச் சட்டையும் கிழியாமல் இருந்தால் கொண்டு வாருங்கள். கரண்ட் இப்போது ஒழுங்காக இருக்கிறது.

நீங்கள் வருவதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றுகிறது என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பெரிதாகச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினால் நான் சிரிக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். கொஞ்சக் காலம் எடுக்கும். விரலுக்கே இவ்வளவு மாதம் எடுத்தது. நீங்கள் உங்கள் அம்மா வீட்டில் போய் இருக்கத் தேவையில்லை. கொழும்பில் இறங்கியதும் போன் எடுங்கள். வைக்க மாட்டேன்.

பரீட்சைக்குப் போகிற அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போக வேண்டும். படி ஏறியதும் வலது பக்கம். உள்ளே நல்ல குளிர், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கீர்த்திகாவுக்கு ஏழு வயது. இப்போது எல்லாம் கேட்கிறாள். நேற்று வேலைக்குப் போகிற வழியில் அவளை ஓட்டோவில் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போய் அந்த மாடியைக் காட்டினேன்.

"அப்பா இதிலதான் சோதினை எழுதப்போறார்."

"அப்ப இன்னும் எழுதேல்லையா?"

"இல்லை. இனித்தான்."

அவள் மாடியைப் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓட்டோவில் பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

"அம்மா, இவ்வளவு கிட்டத்தில இருக்கு. அப்ப அப்பா ஏன் இவ்வளவு நாளா வரேல்ல?"

அப்பா வந்ததும் கேள் என்றேன். வந்து நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ.

ரஜி